பின்தளத்துக்கு வலை அடித்தவள்

உலகம்மை மடத்துக்குள் நுழைந்தபோது சாமி குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திருகத் திருகத் தண்ணீர் நிற்காமல் அவர் முகத்திலேயே பீய்ச்சியடித்தது.

"சாமி, எனக்குப் பொறுமை வேணும்," என்றாள்.

"எனக்கும்தான்," என்றார் சாமி.

குழாயின் வாயில் ஒரு கிழிந்த துணியை அடைத்துக் கயிற்றால் கட்டினார். தண்ணீர் துணி வழியாகச் சொட்டியது. அதை முறைத்துப் பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

அம்பாசமுத்திரத்தில், வாய்க்கால் கரையில் இருந்த சின்ன மடம் அது. சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. உலகம்மைக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அவள்தான் சிஷ்யை. வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஓரமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். சாமி எடுத்தெறிந்து பேசுகிறார் என்று நிறையப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எடுத்தெறிந்து பேசினாலும் பொய் பேச மாட்டார் என்று அவள் நிறுத்தவில்லை.

"விளையாட்டுக்குக் கேக்கலை சாமி. நேத்து அவுக கையில அடிச்சிட்டேன்."

சாமி தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை இறக்கினார்.

"யார் கையில?"

"எங்க வீட்டுக்காரவுக கையில. அதுவும் நல்லா இருக்கிற கையில."

உலகம்மையின் கணவர் திரவியம் பாபநாசம் போகும் பஸ்ஸை ஓட்டியவர். அந்தத் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் பாதி போனது. ஒரு வார்த்தையைத் தொடங்குவார். முன்பாதி வரும். பின்பாதி தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாமே பின்தளம்தான். வீட்டுக்குப் பின்னால், மேலே கூரை மட்டும் போட்டு மூன்று பக்கமும் திறந்து கிடந்த சிமெண்டுத் தளம். அதையொட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சந்து. திருநெல்வேலியில் வேலை பார்ப்பவர்கள் பொழுது சாயும் ரயிலில் வந்து இறங்கி அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். திரவியம் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையைத் தூக்குவார். எதிர்வண்டி டிரைவருக்குத் தூக்குவதைப் போல. அவர்களும் கையைத் தூக்குவார்கள். சிலர் தளத்தின் ஓரத்தில் பையை வைத்துவிட்டு நின்று ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

அன்றைக்கே உலகம்மை முடிவு செய்துவிட்டாள். பெங்களூரில் இருக்கும் மகள் செல்போனில் படங்களாக அனுப்பினாள். இருவரும் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தளத்தின் மூன்று பக்கமும் அலுமினியச் சட்டம் நின்றது. சட்டம் முழுக்கக் கறுப்புக் கொசுவலை. திறந்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு. உள்ளே பிரம்பு நாற்காலி, காலுக்கு முக்காலி, பேன், ரேடியோ, பூந்தொட்டிகள். வெளியில் இருப்பது போலவும் இருக்க வேண்டும், வீட்டுக்குள் இருப்பது போலவும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவளே பார்த்துப் பார்த்து வைத்தாள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும் என்று அங்கே இருந்த பல்பை மட்டும் கழற்றிவிட்டாள்.

"இனி ஒரு கொசு வரட்டும், பாத்துருவோம்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

கொசு வரவில்லை. வேறொரு தொல்லை வந்தது.

"ஒரு வாரம்கூட ஆகலை, ஊன்றுகம்பை வச்சு வலையைக் குத்துதாக சாமி," என்றாள் இப்போது. "கிழிச்சிட்டாக. ஆளை வரச்சொல்லித் தைச்சேன். மறுபடியும் குத்துதாக. கம்பி வலை அடிச்சேன். அப்புறம் கம்பால தட்ட ஆரம்பிச்சிட்டாக. பொழுது சாஞ்சாப் போதும், 'வெளி, வெளி'ன்னு ஒரே முனங்கல். வெளிய போகக்கூடாது, டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களான்னு நானும் எத்தனை தடவைதான் சொல்லுவேன்?"

"ம்."

"ஒரு நாள் மனசு கேக்காம வெளிய கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். அங்க நின்னுக்கிட்டு கம்பை நீட்டி உள்ள காட்டுதாக. அப்பவும் 'வெளி'தான்! உள்ள இருந்தா வெளியங்காக, வெளிய வந்தா உள்ள காட்டுதாக. மனுசிக்குப் பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா?"

"பிடிக்கும்."

"இப்ப நாலு நாளாச் சரியாச் சாப்பிடலை. நேத்து இட்லித் தட்டைத் தள்ளி விட்டுட்டாக. அப்பத்தான் அடிச்சிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அவுக என்னைப் பாத்த பார்வை இருக்கே சாமி. அழக்கூட இல்லை. நாற்காலியைத் திருப்பச் சொல்லிச் சைகை பண்ணிச் சுவரைப் பாத்து உக்காந்துட்டாக."

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பொறுமை வர ஏதாவது மந்திரம் சொல்லுங்க. ராத்திரியும் பகலும் சொல்லுதேன்."

"மந்திரத்துக்கு எல்லாம் அடங்கும்னா முதல்ல இந்தக் குழாய் அடங்கியிருக்கணும்," என்றார் சாமி எரிச்சலாக. "நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்."

மறுநாள் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்.

உலகம்மை அவரைப் பின்தளத்துக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கதவு எப்படித் தானே மூடுகிறது, சட்டத்தின் அடியில் இடுக்கு விழாமல் எப்படி ரப்பர் வைத்திருக்கிறது, பேன் எவ்வளவு சத்தமில்லாமல் ஓடுகிறது. திரவியம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் சாமி. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

"இதைச் சிறைன்னு நெனைக்காக சாமி."

"உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

"சொல்லணுமா? மூஞ்சியிலதான் தெரியுதே."

சாமி திரவியத்தின் அருகே குனிந்தார். "அண்ணாச்சி, சந்துல கொஞ்ச நேரம் உக்காருவோமா?"

திரவியம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

உலகம்மை பதறிப்போய் முழுக்கைச் சட்டை எடுத்து வந்தாள். காலுறை மாட்டினாள். கையிலும் கழுத்திலும் கொசு அண்டாத களிம்பைத் தடவினாள். சாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தில் போட்டு, திரவியத்தைத் தாங்கிக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பிறகு திரும்பி வந்து பிரம்பு நாற்காலியைச் சந்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"நீங்க இதுல உக்காருங்க."

"நானா?"

"நான் கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்கக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அடுப்புல பால் இருக்கு சாமி."

"அணைச்சிட்டு வந்து உக்காருங்க!"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்பிரிங் கதவு தானே மூடிக்கொண்டது. சாமி போய்த் திரவியத்தின் அருகே தரையில் உட்கார்ந்தார்.

கட்டி முடித்ததிலிருந்து அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. சுகமாகத்தான் இருந்தது. ஒரு கொசு இல்லை. வலைக்கு அப்பால் சந்து, எதிர்வீட்டு மதில், அதன்மேல் காய்ந்த ஒரு பாவாடை எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. இதில் என்ன குறை இந்த மனிதருக்கு என்று நினைத்தாள். அடுப்பில் விட்டு வந்த பால் நினைவுக்கு வந்தது. பூனை வந்துவிடுமோ என்று கவலைப்பட்டாள். சாமியின் மேல் கோபம் வந்தது.

பொழுது சாய்ந்தது. தளம் இருட்டத் தொடங்கியது. சந்தில் மட்டும் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ரயில் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"அண்ணாச்சி!" என்று ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். "எப்ப வந்தீங்க?"

திரவியம் இடது கையைத் தூக்கினார்.

"மக வீட்டுக்கே போயிட்டீங்கன்னுல்லா நெனைச்சோம்," என்றார் பின்னால் வந்தவர். "தினமும் இப்படித்தான் போறோம். ஆளையே காணமேன்னு பேசிக்கிடுவோம்."

உலகம்மைக்கு முதலில் புரியவில்லை. இவர் எங்கே போனார்? இதே இடத்தில்தானே உட்கார்ந்திருந்தார்? தினமும்தானே?

நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் செல்லக்கனி வந்தாள். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து உலகம்மைக்குச் சிநேகிதி. கையில் காய்கறிப் பை. அவள் நின்று வலையை நேராகப் பார்த்தாள்.

உலகம்மை கையைத் தூக்கினாள்.

செல்லக்கனி வலையைப் பார்த்துக்கொண்டே நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

உலகம்மை இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"உலகம்மையை எங்க அண்ணாச்சி?" என்று திரவியத்தின் பக்கம் திரும்பிக் கேட்டாள் செல்லக்கனி. "கோயிலுக்குப் போயிட்டாளா? வீடு இருட்டாக் கெடக்கு?"

திரவியம் கம்பைத் தூக்கிப் பிரம்பு நாற்காலி இருந்த திசையில் நீட்டினார். செல்லக்கனி அந்தத் திசையில் மறுபடி பார்த்தாள். வலை கறுப்பாக நின்றது. "சரி, சரி. வந்தாச் சொல்லுங்க, நான் கேட்டேன்னு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உலகம்மை தூக்கிய கைகளை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், செல்லக்கனி திரும்பிவிடுவாள். வாய் வரை வந்துவிட்டது. பேசக்கூடாது என்று சாமி சொல்லியிருந்தார். அவளுக்கு அது ஒரு சாயங்காலத்துக்கு மட்டும்.

அவர் இத்தனை நாளும் கையைத் தூக்கியிருப்பார். யாரும் திருப்பித் தூக்கியிருக்க மாட்டார்கள். தன்னை எல்லாரும் கைவிட்டுவிட்டதாக முதலில் நினைத்திருப்பார். அப்புறம்தான் வலையைக் குத்தியிருப்பார்.

சாமி கூப்பிடவில்லை. அவள் எழுந்துவிட்டாள். அடுப்படிக்குள் ஓடி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து வலையின் மூலையில் வைத்து இழுத்தாள். கம்பி கீச்சென்றது.

"பிச்சி எறியுதேன் சாமி! இந்தக் கர்மத்தை இன்னைக்கே பிச்சி எறியுதேன்!"

"நில்லுங்கம்மா!"

சந்து முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மறுபடியும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க!"

"இதனாலதானே சாமி…"

"கட்டும்போது டாக்டரைக் கேட்டீங்க. மகளைக் கேட்டீங்க. பிரிக்கும்போது யாரையுமே கேக்கலை. காய்ச்சல் வந்தது யாருக்கு?"

அரிவாள்மனை அவள் கையிலேயே இருந்தது.

"அவுகளுக்குத்தான் பேச வராதே."

"பாதி வருதுல்லா? மீதி வர வழிவிடுங்க. ஒவ்வொரு தடவையும் அவர் வாயில இருந்து பிடுங்கி நீங்களே முடிச்சு வைக்கீங்க."

அவர் அரிவாள்மனையை வாங்கி ஓரமாக வைத்தார். இருவரும் போய்த் திரவியத்தைத் தாங்கி உள்ளே கூட்டி வந்தார்கள். பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்ததும் உலகம்மை அவர் காலடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வெளி…"

"வெளியதான் இப்பப் போயிட்டு…"

சாமி விரலை நீட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திரவியத்தின் தாடை அசைந்தது. நாக்கு எதையோ தேடிப் போய்த் தேடிப் போய்த் திரும்பியது. நெற்றியில் வேர்த்தது. திறந்து மூடிய கதவு வழியாக எப்போதோ உள்ளே வந்துவிட்ட ஒரு கொசு உலகம்மையின் முழங்கையில் உட்கார்ந்தது. அவள் அதை அடிக்கவில்லை. வெளியூரா? மகளைப் பார்க்கப் பெங்களூருக்கா? வெளிக்குப் போக வேண்டுமா? ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"வெளி…"

இன்னும் ஒருமுறை முழுங்கினார்.

"வெளி… ச்சம்."

சொல்லிவிட்டுக் கம்பை மேலே தூக்கினார். கூரையில், பல்பு இல்லாத காலி ஹோல்டர் தொங்கியது.

உலகம்மை அண்ணாந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்ப அண்ணாந்து பார்த்தாள்.

"வெளிச்சமா? லைட்டையா கேட்டீங்க? இத்தனை நாளும் லைட்டையா?"

திரவியம் கம்பால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவர் பொறுமையும் என்றைக்கோ போயிருந்தது.

"அப்ப வலை?"

அவர் தலையை வேகமாக ஆட்டினார். இடது கையை விரித்து, இருக்கட்டும் என்று காட்டினார். பிறகு அந்தக் கையால் தன் நெஞ்சைத் தொட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினார். ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் மறந்திருக்கவில்லை.

உலகம்மை சாமான் அறைக்குள் போய்ப் பல்பைத் தேடி எடுத்து வந்தாள். சாமிதான் முக்காலியில் ஏறி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும், உள்விளக்கு எரியும் பஸ்ஸைப் போலத் தளம் சந்தில் துலக்கமாகத் தெரிந்தது. மருந்துக்கடை பூட்டிவிட்டு அந்தப் பக்கமாகப் போன ஒருவர் தற்செயலாகத் திரும்பினார். நின்றார். கையைத் தூக்கினார்.

திரவியத்தின் இடது கை மேலே போனது.

அன்று ராத்திரி அவர் மூன்று இட்லி சாப்பிட்டார். உலகம்மை அவருக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதாள். பாலைப் பூனை குடித்திருந்தது.

சில வாரங்கள் வர முடியாமல் போய், மறு மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் அவள் மடத்துக்கு வந்தாள். சாமி கொட்டை எடுத்துப் புளி கோதிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து அவளும் ஒரு கை எடுத்துக் கோதத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி எப்படி இருக்காரு?"

"அவுகளுக்கு என்ன? ராஜா மாதிரி இருக்காக. நான்தான் கெடந்து சாகுதேன்."

"ஏன்?"

"லைட்டைப் போட்டதும் ஊர்ப் பூச்சியெல்லாம் வலையில வந்து ஒட்டுது. விடிஞ்சதும் கூட்டி அள்ளணும். ரயில் வந்தா வீட்டுக்குள்ள கூட்டம். செல்லக்கனி இருக்காளே, கதவைத் தானா மூடவிடாமக் காலை முட்டுக்குடுத்துக்கிட்டு வாசல்லயே நின்னு பேசுதா. கொசு உள்ள வந்துட்டு. நான் மட்டையைத் தூக்கிட்டு அலையுதேன். வந்தவங்களுக்கு எல்லாம் காப்பி வேற."

"ம்."

"இதுக்கு நடுவுல அவுக பேச ஆரம்பிச்சிருக்காக. நான் வாயை மூடிக்கிடுதேன்னு தெரிஞ்சதுல இருந்து சும்மா இருக்கிறதே இல்லை. ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது. நேத்து சாப்பாட்டுத் தட்டை வைக்கேன். 'உ'ங்காக. எனக்குத் தெரியும் என்னன்னு. வாயில வந்துட்டு. சொல்லலை. சோறு ஆறுது. அடுப்புல கேஸ் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. வாசல்ல பால்காரன் மணியடிக்கான். அவுக 'உ… உ…'ங்காக."

"என்ன சொன்னாரு?"

"உப்பு!" என்று புளியைக் கீழே போட்டாள் உலகம்மை. "நான் முதல்லயே நெனைச்ச அதே உப்பு! அதுக்கா சாமி அம்புட்டு நேரம்?"

சாமி சிரிக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த புளியை எடுத்தார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன செய்ய," என்றாள். "பொறுமைன்னு ஒண்ணு எனக்கு இன்னும் வரவே இல்லை. உள்ளுக்குள்ள அப்படியே கொதிக்குது. கரண்டியைப் பிடிச்சிட்டு, பல்லைக் கடிச்சிட்டுத்தான் நின்னேன்."

"நின்னீங்கல்ல?" என்றார் சாமி.